லென்ஸ் பற்றிய கேள்விக்குத் தாமதமான பதில்

திருநெல்வேலி,
பிப்ரவரி 8.

அன்புள்ள நண்பா,

கார்த்திகைத் தீபத்தன்று நீ கேட்ட கேள்விக்கு, மாசி பிறக்கப்போகிற வேளையில் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி வழக்கம்போல. அண்ணாச்சி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை வந்துவிட்டது. விசாரிப்புகள் இத்துடன் முடிந்தன.

'மார்ச்சில் ஜோத்பூர் போகிறேன், தெருவில் பார்க்கிற மனிதர்களின் முகங்களை எடுக்க எந்த லென்ஸ் கொண்டுபோகட்டும்?' என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். அன்றே பதில் எழுதியிருந்தால் 'உன் 105 மி.மீ. லென்ஸை வீட்டில் பூட்டிவைத்துவிட்டுப் போ' என்ற ஒரு வரியோடு முடித்திருப்பேன். ஜனவரியில் பன்னிரண்டு நாள் கல்கத்தாவில் சுற்றிவிட்டு வந்தபிறகு, அந்த ஒரு வரி போதாது என்று தெரிகிறது. அதோடு, வந்த இடத்தில் வேறொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன், தாண்டிப் போய் முதலில் அதைப் படித்துவிடாதே.

முதல் இரண்டு நாள் நான் எடுத்த அத்தனை முகங்களும் வீண். ஹௌரா பாலத்தின் அடியில் இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தைக்கு விடிவதற்கு முன்பே போய் நின்றேன். தலையில் செவ்வந்திப் பொதி சுமந்து வருகிறவர்கள், படித்துறையில் குளித்துவிட்டு ஏறி வருகிறவர்கள், மாலைகளைத் தோரணமாகத் தோளில் போட்டுக்கொண்டு விலை பேசுகிறவர்கள் என்று முகங்களுக்குப் பஞ்சமே இல்லை. வெளிச்சமும் நன்றாக இருந்தது. ஜனவரி மாதத்துப் பனிமூட்டம் ஆற்றின்மேல் மல்லுத்துணி கட்டியதுபோல் தொங்கியதால் யார் முகத்திலும் கடுமையான நிழல் விழவில்லை. ஆனாலும் மாலையில் அறையில் உட்கார்ந்து பார்த்தபோது, எல்லோரும் காவல் நிலையத்தில் நிறுத்தப்பட்டவர்கள்போல் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள். வங்காளிகளே அப்படித்தான் என்று உன்னைப்போல் ஒரு முடிவுக்கு வந்துவிட இருந்தேன்.

மூன்றாம் நாள், துணைக்கு வந்திருந்த என் மருமகன் நான் படம் எடுப்பதைத் தன் கைப்பேசியில் எடுத்து வேடிக்கையாகக் காட்டினான். அந்தப் படத்தில் எனக்கு முகமே இல்லை. இரண்டு முழங்கைகளும் கும்பிடுபூச்சியின் கால்கள்போல் விரிந்திருக்க, கழுத்துக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. காரணத்தைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். என் கேமராவுக்குப் பார்வைத் துளை இடது மூலையில் இருக்கிறது. வலக் கண்ணை வைத்துப் பார்த்தால் கேமரா வலப்பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். இடக் கண்ணும் பாதிச் சிரிப்பும் எதிரே நிற்பவருக்குத் தெரியும். இடக் கண்ணை வைத்துப் பார்த்தாலோ மூக்கு, வாய், மறு கண் எல்லாம் மறைந்துவிடும். ஒரு வருஷமாக வலக் கண்ணில் சற்று மங்கல் இருந்ததால், நான் என்னையறியாமல் இடக் கண்ணுக்கு மாறியிருக்கிறேன். முகத்தை மறைத்துக்கொண்டு வருகிற அந்நியனை யார்தான் பிரியமாகப் பார்ப்பார்கள்?

அன்றிலிருந்து கேமராவைக் கண்ணுக்குத் தூக்குவதையே விட்டுவிட்டேன். பின்னால் இருக்கும் திரையைக் கிடைமட்டமாக மடக்கி, கேமராவை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். உன் பழைய யாஷிகாமேட் கேமரா நினைவிருக்கிறதா? அதில் குனிந்துதான் பார்க்க வேண்டும். 'மாப்பிள்ளை எல்லோரையும் கும்பிட்டுக் கும்பிட்டுப் படம் எடுக்கிறார்' என்று அண்ணாச்சி கேலி செய்வாரே, அதே நிலைதான். ஒரு வித்தியாசம்: எதிரே இருப்பவரின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும் வசதி இப்போதைய கேமராக்களில் இருக்கிறது. 'சோம்பேறிகளுக்கானது' என்று நான் ஏளனம் செய்த வசதி அது; அந்தச் சொல்லை வாபஸ் வாங்குகிறேன். சட்டகத்தை ஒருமுறை குனிந்து சரிபார்த்துவிட்டால், அதன்பிறகு திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நிமிர்ந்து அவரோடு பேசிக்கொண்டே ஷட்டரை அழுத்தலாம். நெஞ்சு உயரத்திலிருந்து பார்க்கும்போது நிற்கிற மனிதர் ஒரு சுற்று நிமிர்ந்தும் தெரிகிறார். உட்கார்ந்திருப்பவரை எடுக்க வேண்டுமானால் நீயும் தரையில் உட்கார்ந்துகொள். மேலிருந்து குனிந்து எடுத்தால் யாரும் யாசிப்பவர்போல்தான் விழுவார்கள்.

கேட்காமல் எடுக்கிற பழக்கத்தையும் விட்டேன். 'ஏக்டா சொபி துல்போ?' என்ற மூன்று சொற்களை மருமகன் கற்றுக்கொடுத்தான்; ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று பொருள். ஆண்களை 'தாதா' என்று அழைக்க வேண்டும். அங்கே அது அண்ணன். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை நினைத்து முதல் நாள் முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பத்துப் பேரில் இரண்டு பேர் மறுத்தார்கள். கைரிக்‌ஷா இழுக்கும் ஒரு பெரியவர் கையை மட்டும் அசைத்து வேண்டாம் என்றார். தினமும் எத்தனை கேமராக்கள் அவர்மேல் பாய்ந்திருக்குமோ, கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

சம்மதித்தவர்கள் உடனே விறைத்து நிற்பார்கள். அதற்காக நீ சலித்துக்கொள்வாய் என்று தெரியும். 'இயல்பாக இருங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதே; அதைவிட இயல்பைக் கெடுக்கிற வாக்கியம் கிடையாது. நம் தாத்தாக்கள் நாற்காலி முதுகில் கையை ஊன்றி நின்ற படங்களை நினைத்துப் பார். தாங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று நினைத்தார்களோ, அப்படி நின்றார்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் 1948 டிசம்பரில் பெருவின் குஸ்கோ நகரத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரின் ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்து, கிறிஸ்துமஸுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்த சனங்களிடம் காசு வாங்காமல், தானே அவர்களுக்குக் காசு கொடுத்து எடுத்த படங்களில் பெரும்பாலானவர்கள் சிரிக்கவில்லை; கேமராவை நேராகத்தான் பார்க்கிறார்கள். அவற்றில் இருக்கிற கம்பீரம் என் ஒளிந்து எடுத்த படங்கள் எதிலும் இல்லை. ஆகவே முதல் படத்தை அவர் விருப்பப்படி, முழு மரியாதையோடு எடு. எடுத்ததைக் காட்டு. காட்டியபிறகு அவர் தன் முகத்தைத் தானே பார்த்து ஒரு கணம் யோசிப்பார். அப்போது கேமரா உன் நெஞ்சிலேயே தயாராக இருக்கட்டும். நான் வைத்துக்கொண்ட பதினொரு படங்களில் ஆறு, அந்தக் கணத்துக்குப் பிந்தியவை.

இனி உன் கேள்வி. என்னுடைய கேமராவில் படம் பதியும் சென்சார் சிறியது என்பதால் 35 மி.மீ. லென்ஸ், பெரிய சென்சாரில் 50 மி.மீ. தருகிற பார்வையைக் கிட்டத்தட்டத் தந்தது. அது ஒன்றை மட்டுமே கொண்டுபோனேன். ஒன்றரை மீட்டரில் நிற்க வேண்டும். ஒரு மீட்டருக்கும் உள்ளே போனால் மூக்கு பருத்து, காது பின்வாங்கிவிடும். இதற்கு லென்ஸைக் குறை சொல்லாதே, தூரம் செய்கிற வேலை அது. உன் 105-ஐ வைத்துக்கொண்டு மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்றால், பூச்சந்தைக் கூச்சலில் நீ பேசுவது அவருக்கே கேட்காது. 1984-இல் பாகிஸ்தானின் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த அந்தப் பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் 'நேஷனல் ஜியாகரஃபிக்' அட்டைப் படத்துக்காகத்தானே நீ மோதிரத்தை அடகு வைத்து 105 வாங்கினாய்? படம் எடுத்தவருக்கு அவள் பெயர் தெரிந்தது 2002-இல்தான் என்பதை உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்; நீயும் 'படத்தைப் பார், பெயரை விடு' என்று பலமுறை சொல்லியிருக்கிறாய். இந்தச் சண்டையை நான் இன்னும் விடவில்லை. இந்த முறை பெயர் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதாமல் ஒரு படமும் எடுக்கவில்லை.

பின்னணியைக் கரைத்துவிடும் ஆசையையும் குறைத்துக்கொள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 1.4-க்கு அகலத் திறந்தால் ஒரு கண் தெளிந்து, மறு கண் மங்கிவிடலாம். அவர் யார், எங்கே நிற்கிறார் என்பதும் குழம்பாகிவிடும். கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவரைத் திறப்பைக் குறைத்து எஃப் 4-இல் எடுத்தேன். அவர் தோளுக்குப் பின்னால் அடுக்கிய வங்காளப் புத்தகங்களின் முதுகுகள் எழுத்துத் தெரிகிற அளவுக்கு நின்றன. அவருடைய மூக்குக்கண்ணாடியில் வானம் வெள்ளையாகப் பிரதிபலித்துக் கண்களை விழுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் காதுப்பிடிகளை ஒரு விரற்கடை மேலே தூக்கி வைக்கச் சொன்னேன். கண்ணாடி சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்ததும் பிரதிபலிப்பு ஓடிவிட்டது. அண்ணாச்சியின் வித்தைதான், அவர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்புகிற அப்பாவி. நம்மைப்போன்ற கறுத்த முகத்தை வெள்ளை வானத்துக்கு முன்னால் நிறுத்தினால் முகத்தைக் கரியாக்கும். இருண்ட வாசலுக்கு முன்னால் நிறுத்தினால் சுண்ணாம்பு அடித்துவிடும். முன்னதற்கு ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாகிற அளவு) கூட்டு, பின்னதற்கு அரை ஸ்டாப்புக்கு மேல் குறை. அதைவிட எளிய வழி, ஆளை நிழலின் விளிம்புக்கு அழைத்து வந்து, ஓரடி உள்ளே, வெளிச்சத்தைப் பார்த்து நிற்கச் செய்வதுதான். சாமி சிலை செய்கிறவர்களின் பேட்டையான குமார்துலியில் சரஸ்வதி பூஜைக்காக வைக்கோல் கட்டிக் களிமண் பூசிக்கொண்டிருந்த ஒரு சிற்பி, தன் கொட்டகையின் வாசலில் அப்படித்தான் நின்றார். முழங்கைவரை காய்ந்த மண் வெடித்திருந்தது. படத்தில் அவருடைய இரண்டு கருவிழிகளிலும் எதிரே இருந்த சந்து ஒரு சிறிய வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. ஜோத்பூரில் தலைப்பாகையின் நிழல் கண்ணில் விழுந்து உன்னைத் தொந்தரவு செய்யும். வெயில் படுகிற மணற்கல் தரைக்குப் பக்கத்து நிழலில் நிறுத்து. தரையிலிருந்து எழும்புகிற வெளிச்சம் நிழலைத் துடைத்துவிடும். அங்கே நீலச் சுவர்கள் வேறு உண்டு. அவற்றுக்கு ஒட்டி நிறுத்தினால் கன்னம் நீலமாகும்.

நீலம் என்றதும் அந்தச் சங்கதி வந்துவிட்டது. மல்லிக் காட்டில் செவ்வந்தி விற்கிற ஓர் அம்மாவை எட்டாம் நாள் எடுத்தேன். பூக்குவியலின் மஞ்சள் அவர் தாடையின் அடியில் விளக்கு ஏற்றியதுபோல் விழுந்திருந்தது. இரவில் கணினியில் பார்த்தபோது மஞ்சள் மிகையாகத் தோன்றியதால் நிறத்தைத் திருத்தி, அவர் மகனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். பையன் உடனே இந்தியில் பதில் அனுப்பினான்: 'மாமா, எங்கள் அம்மாவைக் காளி ஆக்கிவிட்டீர்களே!' எனக்கு ஒன்றும் புரியவில்லை. மருமகனிடம் காட்டினேன், அவன் தயங்கித் தயங்கி, 'நான்கு நாளாகவே எல்லா முகங்களும் நீலம் பாரித்துத்தான் இருக்கின்றன, உங்கள் பாணி என்று நினைத்தேன்' என்றான். விடுதியின் வெள்ளைச் சுவரை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு பார்த்தேன். இடக் கண்ணுக்கு அது வெள்ளை. வலக் கண்ணுக்குத் தேநீர்க் கறை படிந்த வேட்டி.

கண்புரைதான். ஊருக்கு வந்து காட்டினேன். வலக் கண்ணில் நன்றாக முற்றியிருக்கிறது, இடக் கண்ணிலும் தொடக்கம் என்றார் மருத்துவர். ஓவியர் மோனேவுக்கும் இதே கதைதான். புரை முற்றிய காலத்தில் அவர் தீட்டிய தோட்டமெல்லாம் செம்பழுப்பாக மாறி, 1923-இல்தான் அறுவை செய்துகொண்டார். நூறு வருஷத்துக்கு முந்தைய கத்திக்கே அவர் துணிந்தார், இன்றைக்கு இது அரை மணி நேரச் சமாசாரம் என்று எல்லோரும் தைரியம் சொல்கிறார்கள். எனக்குப் பயம் கத்தியைப் பற்றியது அல்ல. எத்தனை வருஷமாக நான் திருத்திய நிறங்கள் தப்பு? உன் மகள் கல்யாணத்தில் நான் எடுத்த படங்களில் பட்டுப்புடவை என்ன நிறத்தில் இருக்கிறது? உண்மையைச் சொல். இதை வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை.

இன்னொன்றையும் உன்னிடம்தான் கேட்க வேண்டும். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸில் சாதாரண வகை ஒரே தூரத்துக்குத்தான் தெளிவாக இருக்குமாம்; தூரத்துக்கு வைத்தால் படிக்கக் கண்ணாடி வேண்டும், கிட்டத்துக்கு வைத்தால் தெருவுக்குக் கண்ணாடி வேண்டும். பல தூரங்களுக்கும் சேர்த்துச் செய்த வகை இருக்கிறது. அதில் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம், ஒளிக்கும் இருளுக்குமான மாறுபாடும் சற்றுக் குறையலாம் என்கிறார் மருத்துவர். நான் ஒன்றரை மீட்டர் என்று சொன்னேன். அவர் எதற்கு என்று கேட்டார், முகங்களுக்கு என்றேன். 'நெஞ்சில் பிடிக்கிற திரைக்கு?' என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நீ போன வருஷம் இரண்டு கண்ணும் செய்துகொண்டவன். நீ எதை வைத்தாய், இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு எப்படித் தெரிகிறது, திரையைப் பார்க்கக் கண்ணாடி போடுகிறாயா என்பதை ஒளிக்காமல் எழுது. எந்த லென்ஸ் என்று நீ கேட்டாய். இப்போது நானும் அதையேதான் கேட்கிறேன்.

அறுவை பிப்ரவரி 24. அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்தப் பதினொரு படங்களின் நிறத்தையும் உன் கண்ணால் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போ. பூக்கார அம்மாவின் படத்தை முதலில் முடிக்க வேண்டும். பையன் இரண்டு முறை கேட்டுவிட்டான். வரும்போது 105-ஐயும் எடுத்து வா, நான் அதை இங்கே பூட்டிவைக்கிறேன். என் 35 உன் கேமராவுக்கும் பொருந்தும், அதை ஜோத்பூருக்குக் கொண்டுபோ.

இப்படிக்கு,
இடக் கண்ணால் எழுதும்,
உன் பழைய இருட்டறைக் கூட்டாளி.