நாற்பது பக்க நோட்டும் நான்காவது முட்டையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. சீருடை, பஸ் பாஸ், வருமானச் சான்றிதழ் பற்றியெல்லாம் தனியாகச் சுற்றறிக்கை வரும். இந்தக் கடிதம் விடுமுறைக்கு முன்னால் உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய நாற்பது பக்க நோட்டைப் பற்றியது.

ஏப்ரல் கடைசியில் நூலக அலமாரியைத் திறந்து, ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தோம். மேல் தட்டில் துப்பறியும் கதைகள், நடுத்தட்டில் காடு, பறவை, விலங்கு பற்றியவை, கீழ்த்தட்டில் பக்தி நூல்கள். எதை எடுப்பது என்பது அவரவர் விருப்பம். படித்துவிட்டு மனதில் பட்டதை எழுதுங்கள், கதைச்சுருக்கம் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தோம். பத்து நாளாகப் பொழுதோட வீட்டுக்குப் போனால் எனக்கு அந்த நோட்டுகள்தான் வேலை.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு நோட்டுகளில் 'இக்கதை நமக்கு உணர்த்தும் நீதி யாதெனில்' என்று ஒரே வாக்கியம். பதினொன்றிலும் 'உணர்த்தும்' என்பது 'உனர்த்தும்' என்றே இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கத் தமிழ்வாணனின் சங்கர்லால் வரவேண்டியதில்லை. இன்னும் மூன்று நோட்டுகளில் இருப்பது பெரியவர்களின் கையெழுத்து. அதில் ஒன்று உண்மையிலேயே நன்றாக இருந்தது. எழுதிய அம்மாவுக்குப் பாராட்டுகள். அடுத்த முறை பிள்ளையே எழுதட்டுங்க, நீங்கள் வேண்டுமானால் தனி நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாளே காலியானது மேல் தட்டு. அன்று சாயங்காலமே இரண்டு போன் வந்தது. "ஏனுங்க சார், பள்ளிக்கூடத்துலயே கொலைக் கதையக் குடுத்தா எப்படிங்க?"

நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஊரில், கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் புவியியல் புத்தகத்துக்குள் பாக்கெட் நாவலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று திறந்தேன். இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். மறுநாள் அந்தப் பையனிடம் புத்தகத்தையும் கொடுக்கவில்லை, நடந்ததையும் சொல்லவில்லை. அந்தக் கடன் இன்னும் இருக்கிறது.

நம் பக்கத்தில் இதற்கு வெட்கப்படவும் வேண்டியதில்லை. 1,500 நாவல்களுக்கு மேல் எழுதிய ராஜேஷ்குமார் கோயம்புத்தூர்க்காரர். பஸ் ஸ்டாண்டு கடையில் அவர் நாவலை வாங்கிப் படித்தே எழுத்துக்கூட்டும் வேகம் வந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். எங்கள் அலமாரியில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு இருக்கிறது. பேங்க் குமாஸ்தாவாக இருந்து வேலை போனவன் சாம்பு. உளறியும் தடுக்கியும் விழுந்தே திருடனைப் பிடித்துவிடுவான். ஆறாம் வகுப்புக்கு அவனே போதும். எல்லாத் துப்பறியும் நாவலும் எல்லா வயதுக்கும் ஆகாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சிலவற்றின் அட்டையே காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் நீங்கள் முதலில் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். பஸ்ஸில் படிக்க வேண்டாம்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளின் தமிழாக்கத்தை எடுத்துப்போனான். ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் ஒரு மருத்துவர். எடின்பரோவில் அவருக்குப் பாடம் சொன்ன ஜோசப் பெல் என்ற டாக்டர், நோயாளி வாய் திறக்கும் முன்பே அவர் கையையும் நடையையும் பார்த்து என்ன தொழில், எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடுவாராம். அவரை மனதில் வைத்துத்தான் டாயில் ஹோம்ஸை எழுதினார். ஹோம்ஸுக்குத் துணையாகக் கூடவே வரும் நண்பர் வாட்சன். 1887ல் முதல் கதை வந்தது. இதைப் புத்தகத்தின் முன்னுரையில் படித்துவிட்டு, நம் பையன் தன் வீட்டிலேயே துப்பறியத் தொடங்கிவிட்டான். அவன் எழுதியதை அப்படியே தருகிறேன், எழுத்துப் பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன்:

"அப்பா வரும்போது புருவத்தில் பஞ்சு இருந்தால் அன்று தறி ஓடியிருக்கிறது. பஞ்சு இல்லாவிட்டால் நூல் வரவில்லை. பஞ்சு இல்லாத நாளில் அப்பா சோறு உண்ணும்போது பேசமாட்டார். அம்மா இதை என்னைவிட முதலில் கண்டுபிடித்துவிடுவார், அன்றைக்கு ரசம் மட்டும்தான் வைப்பார். அதனால் எங்கள் வீட்டில் ஹோம்ஸ் அம்மா. நான் வாட்சன்."

கொலைக் கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று கவலைப்பட்டவர்களுக்கு இந்த ஐந்து வரியைத்தான் நான் பதிலாகக் காட்ட முடியும். அந்த அப்பா இதைப் படிக்கிறார் என்று தெரியும். உங்களைக் கேட்காமல் பெயர் போட மாட்டேனுங்க.

நடுத்தட்டுக்கு வருவோம். அதில் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள் இருந்தன. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996ல் இறக்கும்வரை இயற்கை பற்றி விடாமல் எழுதியவர். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாக்கியவர் சு. தியடோர் பாஸ்கரன். பாஸ்கரன் நம்ம தாராபுரத்தில் பிறந்தவர், அஞ்சல் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். இந்தத் தட்டில் கை வைத்தவர்கள் குறைவு. காடு என்றால் டாப்ஸ்லிப், சத்தியமங்கலம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு வாசலில் கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாகத் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்துவரும் கொறங்காட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். சொல்லப்போனால் எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சாளை, அதாவது தோட்டத்து வீடு, கொறங்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கிருஷ்ணனின் புத்தகத்தைக் கொண்டுபோனாள். அண்ணன் கொண்டுவந்த துப்பறியும் கதையையும் படித்திருக்கிறாள் போலிருக்கிறது. நோட்டில் இரண்டும் கலந்து கிடக்கிறது. மே 4ஆம் தேதி, ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போது ஓர் ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியிருக்கிறது. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் அதற்கு அந்தப் பெயர். அதே கத்தல் வெள்ளைக்காரன் காதில் 'டிட் ஹீ டூ இட்', அதாவது 'அவனா செய்தான்?' என்று விழுந்திருக்கிறது. துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. தேடிப் பார்த்ததில் வெறும் தரையில், சுற்றிலும் சின்னக் கல்லும் ஆட்டுப் புழுக்கையும் கிடக்க, நடுவில் நான்கு முட்டை. கூடு என்று ஒன்றும் இல்லை. முட்டையும் கல்லும் ஒரே நிறம். 'ரெண்டு தடவ மிதிக்கப் பாத்தேன்' என்று எழுதியிருக்கிறாள்.

மே 11ஆம் தேதி பார்த்தால் மூன்றுதான் இருந்தன. அடுத்த பக்கத்தில் அழகாகக் கோடு போட்டுச் 'சந்தேகத்துக்குரியவர்கள்' என்று பட்டியல்: காக்கை, கீரி, உடும்பு, எங்கள் நாய், பெரியப்பா வீட்டு எருமை. எருமை மிதித்திருந்தால் ஓடு கிடக்கும். கிடக்கவில்லை, ஆகவே எருமைக்கு விடுதலை. ராத்திரி நாயைக் கட்டிவைப்பதாக அப்பாரு சாட்சி சொன்னதால் அதுவும் தப்பியது. மற்ற மூவர் மீதும் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. இதற்கு நடுவே ஒரு நாள் உச்சிவெயிலில் தாய்க்குருவி தண்ணீர்த் தொட்டியில் வயிற்றை நனைத்துக்கொண்டு போய் முட்டைமேல் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறாள். வெயில் சூட்டில் முட்டை வெந்துபோகாமல் இருக்க ஆட்காட்டி அப்படிச் செய்யும். பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியதல்ல அது. அவளாகப் பார்த்து எழுதியது. மே 26ஆம் தேதி மூன்று குஞ்சும் பொரிந்து அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டன.

நம்பிக்கை வராமல், போன ஞாயிற்றுக்கிழமை நானே அந்தச் சாளைக்குப் போனேன். குஞ்சு ஒன்றும் கண்ணில் படவில்லை. தாய்க்குருவி மட்டும் என் வழுக்கைத் தலையைக் குறிவைத்து நாலு தடவை பாய்ந்தது. நான்தான் சந்தேக நபர் என்று அது முடிவு செய்துவிட்டது. அந்த வீட்டில் கொடுத்த மோருக்கு நன்றி.

கீழ்த்தட்டை நான் நம்பவே இல்லை. மார்க்குக்காகச் சிலர் எடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அந்தப் புத்தகங்கள்தான் வீட்டில் அதிகக் கை மாறியிருக்கின்றன. பிள்ளைக்கு எழுத்து வாசிக்கத் தெரியும், பொருள் தெரியாது. அம்முச்சிக்குக் கண் தெரியாது, பாட்டு மனப்பாடம். இருவரும் சேர்ந்து திண்ணையில் உட்கார்ந்து படித்ததாக நான்கைந்து நோட்டுகளில் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தேவாரம் பாடிய சுந்தரரின் கதையை எடுத்துக்கொண்டாள். சேரமான் பெருமாளிடம் விடைபெற்றுப் பொன்னும் துணியுமாகத் திருவாரூர் திரும்பும் வழியில் சுந்தரரை நம் திருமுருகன்பூண்டியில் வைத்து வேடுவர்கள் வழிப்பறி செய்கிறார்கள். வேடுவராக வந்தவை சிவனின் பூதகணங்கள். அனுப்பியவரே கோயிலுக்குள் இருக்கிறார். சுந்தரர் நேராகக் கோயிலுக்குப் போய்ச் சண்டை பிடிக்கிறார்: 'எல்லை காப்பதொன்று இல்லையாகில் நீர் எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே'. ஊர் எல்லையைக் காக்க முடியாதென்றால் இங்கே எதற்குக் குடியிருக்கிறீர் என்று கேள்வி. பறித்ததெல்லாம் திரும்பக் கிடைக்கிறது. இந்தப் பெண் எழுதுகிறாள்: "நகையைத் திருடியவரிடமே போய்ப் புகார் கொடுக்கிறார். கடைசிப் பக்கத்தில்தான் குற்றவாளி யார் என்று தெரிகிறது. இதுவும் மேல் தட்டில் இருக்க வேண்டிய புத்தகம்." திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் பஸ்ஸில் நூறு தடவை பூண்டியைத் தாண்டியிருக்கிறாளாம், ஒரு தடவையும் இறங்கியதில்லை. 'எத்துக்கு' என்பது நாம் பேசும் 'எதுக்கு' மாதிரியே இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டிருக்கிறாள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய பாட்டு. முப்பது வருஷமாகத் தமிழ் நடத்துகிறேன், எனக்கு அது உறைக்கவில்லை.

இன்னொரு பையன் சீறாப்புராணத்தில் மானுக்காக நபிகள் பிணை நிற்கும் பகுதியைத் தன் வாப்பாவோடு படித்திருக்கிறான். வேடனிடம் சிக்கிய மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சிப் போய், சொன்னபடியே திரும்பி வருகிறது. 'அது வராமலே இருந்திருக்கலாம்' என்று ஒரே ஒரு வரி எழுதி நிறுத்திவிட்டான். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

திருவாசகம் எடுத்த பையன் நோட்டை மறைத்துக்கொண்டே வந்தான். அதில் முதலில் வரும் சிவபுராணம் 95 அடி. இருபது நாளில் பன்னிரண்டு அடிதான் தாண்டினானாம், அதுவும் முழுதாகப் புரியவில்லையாம். மார்க் குறைப்பீர்களா சார் என்றான். ஜி.யு. போப் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முடித்து 1900ல் அச்சில் பார்த்தபோது அவருக்கு எண்பது வயது. உனக்குப் பதின்மூன்றுதானே, அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். புத்தகத்தைத் திருப்பித் தரவும் வேண்டாம் என்றேன்.

இனி உங்களிடம் கேட்டுக்கொள்வது. பிள்ளை கையில் பாடப்புத்தகம் அல்லாத ஒன்றைப் பார்த்தால் உடனே பிடுங்காதீர்கள், என்ன கதை என்று கேளுங்கள். சிப்ட் முடிந்து ஒன்பது மணிக்கு வருகிறவரிடம் தினமும் உட்கார்ந்து படியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை ஒரு அரைமணி நேரம் போதும். வீட்டில் பழைய நாவல், பக்தி நூல், கிழிந்த அம்புலிமாமா எது இருந்தாலும் எடைக்குப் போடும் முன் எங்களிடம் காட்டுங்கள். அலமாரி இனி சனிக்கிழமை காலையிலும் திறந்திருக்கும். சாவி என்னிடம்தான். பெற்றோர்களும் எடுத்துப்போகலாம், நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும்.

மார்கழி வாக்கில், வெளியூர்ப் பறவைகள் வரும் நேரம் பார்த்து, ஏழாம் வகுப்பை வெள்ளோடு ஏரிக்கு அழைத்துப்போகலாம் என்று இருக்கிறோம். 2022ல் அதை ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். உலக அளவில் காக்க வேண்டிய நீர்நிலைகளின் பட்டியல் அது. இத்தனை பக்கத்தில் இருந்தும் நம் பிள்ளைகளில் பாதிப்பேர் பார்த்ததில்லை. கூட வர முடிகிற பெற்றோர் சொல்லுங்கள். யாரிடமாவது பைனாகுலர் இருந்தால் அவருக்கு வேனில் முன்சீட்டு.

அந்த நான்காவது முட்டை விவகாரம் இன்னும் முடியவில்லை. நேற்று அந்தப் பெண் புதிதாக ஒரு பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு வந்தாள்: சாரைப்பாம்பு. கொறங்காடு வைத்திருப்பவர்கள், ஆடு மேய்க்கும் அப்பாருகள், யாருக்காவது துப்பு தெரிந்தால் பிள்ளை மூலம் எழுதி அனுப்புங்கள். அவள் நோட்டில் இன்னும் ஆறு பக்கம் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்