சந்தியாகப்பர் ஊரில் ஒரு ராத்திரி தங்க விடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து பாத்திமா, சந்தியாகோ, லூர்து என்று திருப்பயண டூர் அழைத்துப் போகிற அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். 2027க்கான திட்டத்தை நீங்கள் இப்போதே போட ஆரம்பித்திருப்பீர்கள். ஜூலை 25, சந்தியாகப்பர் திருநாள், ஞாயிற்றுக்கிழமையில் விழுகிற ஆண்டுதான் ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் புனித ஆண்டு. போன தடவை 2021இல் வந்தது, கொரோனாவால் அதை 2022க்கும் நீட்டித்தார்கள். அடுத்தது 2027. பேராலயத்தின் பின்பக்கம், கிந்தானா சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் புனிதக் கதவைத் திறப்பார்கள். கூட்டம் அள்ளும், உங்களுக்கும் புக்கிங் வரும். அது எல்லாம் முடிவாவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ராமநாதபுரம் கடற்கரைக்காரன். எங்கள் பக்கத்தில் திருத்தூதர் யாக்கோபு என்று சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள், சந்தியாகப்பர் என்றால் கை தானாக நெற்றிக்குப் போகும். தெருவுக்கு ஒரு சந்தியாகு இருப்பார். போர்த்துக்கீசியர் வாயில் இருந்த சந்தியாகோ நம் வாயில் 'அப்பர்' சேர்ந்து சந்தியாகப்பர் ஆனார், அவ்வளவுதான், ஆள் ஒருவரே. தங்கச்சிமடம் வேர்காட்டில் அவர் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வருவதைப் பார்த்து வளர்ந்தவர் என் அம்மா. கொடியேற்றம், சப்பரம், தேர் என்று ஒன்று விடமாட்டார். வாழ்க்கையில் ஒரு தடவை 'அவர் சொந்த ஊருக்கு' போய்விட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. எருசலேம்தான் அவர் கொல்லப்பட்ட இடம், ஸ்பெயினில் அடக்கம் செய்யப்பட்டதாகத்தான் நம்பிக்கை என்று நான் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார். ஆனாலும் அவருக்கு அது சொந்த ஊர்தான்.

ஒரு டூர் நிறுவனத்தில் பணம் கட்டினோம். பெயர் வேண்டாம், அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமும் இல்லை, ஏனென்றால் அப்புறம் நாலைந்து நிறுவனங்களின் பயணத்திட்டத்தை வாங்கிப் பார்த்தபோது எல்லாமே கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தன. பாத்திமாவில் இரண்டு இரவு, லூர்தில் இரண்டு இரவு, சந்தியாகோவில் 'வழியில் தரிசனம்'.

காலையில் போர்ட்டோவிலிருந்து கிளம்பி 230 கிலோமீட்டர் வந்து இறங்கியபோது மணி பதினொன்றே கால். ஒரு மணிக்கு எல்லோரும் பஸ்ஸில் இருக்க வேண்டும், ராத்திரி தங்கல் 300 கிலோமீட்டருக்கு அப்பால் என்றார்கள். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் கழிப்பறை, சாப்பாடு, குழுப் படம் எல்லாம் அடக்கம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து பேராலயத்துக்கு நடக்க வேண்டிய நேரமும் அதில்தான்.

திருத்தூதரின் உருவம் பலிபீடத்துக்கு மேலே உட்கார்ந்த கோலத்தில் இருக்கிறது. பின்பக்கமாகச் சின்னப் படிகளில் ஏறிப்போய் அவரைத் தோளோடு கட்டிப்பிடிக்கலாம். நூற்றாண்டுகளாகத் திருப்பயணிகள் செய்கிற காரியம் அது. பிறகு கீழே இறங்கினால் நிலவறையில் வெள்ளிப் பேழை. அம்மா கேட்டதெல்லாம் இந்த இரண்டுதான். வரிசை வெளியே வரை நின்றது. கைடு கொடியைத் தூக்கிக் காட்டி நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டபோது எங்களுக்கு முன்னால் இன்னும் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்தே அந்தப் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

வெளியே ஒப்ரதோயிரோ சதுக்கம். வாரக்கணக்கில் பாதயாத்திரையாக நடந்து வந்தவர்கள் வெறும் கல்தரையில் மல்லாந்து படுத்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைக்கட்டுகளில் சந்தியாகோ திருப்பயணிகளின் அடையாளமான சிப்பி தொங்குகிறது. ஒரு பெண், முப்பது வயது இருக்கலாம், பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். குதிகாலில் கொப்புளம் உடைந்து பிளாஸ்திரி பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "ஏம்மா, எவ்வளவு தூரம் நடந்து வந்த?" என்று தமிழிலேயே கேட்டார். அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, விரல்களை விரித்து மூன்று, மூன்று என்று காட்டினார். முப்பத்து மூன்று நாள். அம்மா கைப்பையைத் திறந்து கோடாலித் தைலத்தை எடுத்து, புண்ணில் படாமல், கெண்டைக்காலில் தேய்த்துவிட்டார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கொடி மறுபடியும் ஆடியது. தைல பாட்டிலை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

பஸ் கிளம்பி வெகுநேரம் கழித்து அம்மா சொன்னது இது: "அவ்வளவு தூரம் நடந்து வந்தவங்களுக்கு முன்னால நான் பஸ்ல வந்து இறங்கி வரிசையில நிக்கவே கூச்சமா இருந்துச்சுடா. கொஞ்ச தூரமாவது நடக்க விட்டிருக்கலாம்."

இந்த மடலுக்குக் காரணம் அந்த வாக்கியம்தான். தரிசனம் கிடைக்காதது கூட இல்லை.

அடுத்த வருடம் தம்பியைப் பார்க்க போர்த்துக்கல் போனவன் அவனையும் கூட்டிக்கொண்டு திரும்ப சந்தியாகோ போனேன், இரண்டு இரவு தங்கினேன். நான் திருப்பயணியாகப் போகவில்லை. நடந்து வந்ததற்கான சான்றிதழ் வேண்டுமென்றால் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும், சைக்கிள் என்றால் 200. 2024இல் மட்டும் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் அதை வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு நாள் லீவு இல்லை. ஆனால் சுற்றுலாப் பயணியாகவே போனாலும் அந்த இடத்துக்குள் சரியான வழியில் நுழைய முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

ஊருக்குள் வருவதற்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் முன்னால் மோன்ட்டே தோ கோசோ என்று ஒரு குன்று. மகிழ்ச்சி மலை என்று அர்த்தம். வாரக்கணக்கில் நடந்து வந்தவர்களுக்குப் பேராலயத்தின் கோபுரங்கள் முதல் தடவையாகக் கண்ணில் படுகிற இடம். கையை உயர்த்திக் கோபுரத்தைக் காட்டுகிற இரண்டு திருப்பயணிகளின் சிலை அங்கே நிற்கிறது. பக்கத்தில் நின்று அதே திசையில் பார்த்தால், மரங்களுக்கு அப்பால், சின்னதாக, தெரிகிறது. அங்கிருந்து இறங்கினால் நெடுஞ்சாலைக்கு மேலே பாலம், சான் லாசரோ, அப்புறம் பழைய ஊர்த் தெருக்கள். பாதை முழுக்க மஞ்சள் அம்பு. இந்த அம்புகளை 1980களில் வரைய ஆரம்பித்தவர் ஒ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்துப் பங்குச்சாமி எலியாஸ் வலீஞ்யா. இன்று உலகமே அதைப் பின்தொடர்ந்து நடக்கிறது. மெதுவாகப் போனாலும் ஒன்றரை மணி நேரம். பெரும்பாலும் இறக்கம், நடைபாதை. கடைசியில் ஒரு வளைவுக்குள் படி இறங்கும், அங்கே யாராவது ஒருவர் கெய்த்தா ஊதிக்கொண்டிருப்பார், காற்றுப்பை வைத்த குழல் வாத்தியம். அந்தச் சத்தம் கல் கூரையில் மோதி நெஞ்சுக்குள் இறங்கும்போது சதுக்கம் திறக்கும். ஐந்தே கிலோமீட்டர் நடந்த எனக்கே தொண்டை அடைத்தது.

பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடக்கிற ஊர்க்காரர்கள் நாம். காவி உடுத்தி, காலில் செருப்பில்லாமல், வழியில் எவர் வீட்டுத் திண்ணையிலோ படுத்து எழுந்து போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். நடந்து போய்ச் சேர்வது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஜனத்தை உலகத்தின் பெரிய பாதயாத்திரைத் தலங்களில் ஒன்றுக்குக் கூட்டிப்போய்க் கோவில் வாசலில் இறக்கிவிட்டுக் கோவில் வாசலிலேயே ஏற்றிக்கொள்கிறீர்கள். குன்றில் இறக்கிவிடுங்கள். முடியாதவர்கள் பஸ்ஸிலேயே வரட்டும், சதுக்கத்தில் எல்லோரும் சேர்ந்துகொள்ளட்டும். இதற்குத் தனிச் செலவு கிடையாது.

ராத்திரி தங்குவதற்குச் செலவு உண்டு, தெரியும். ஆனாலும் கேட்கிறேன். பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த ஊர் பேச ஆரம்பிக்கிறது. அங்கே அடிக்கடி மழை, கருங்கல் சுவர்களில் பாசி, வளைவு மண்டபங்களுக்குக் கீழேயே நனையாமல் ஒரு தெருவைக் கடந்துவிடலாம். கிந்தானா சதுக்கத்தில் விளக்கு போட்டதும் மணிக்கூண்டுக் கோபுரத்தின் அடியில் ஒரு நிழல் விழுகிறது. ஒரு தூணின் நிழல்தான், ஆனால் தொப்பி போட்டு, கோல் ஊன்றி நிற்கிற திருப்பயணி மாதிரியே இருக்கும். மேலே இருக்கிற கடிகாரத்துக்கு ஒரே முள், மணி காட்டுகிற முள் மட்டும். நிமிடம் காட்டாது. எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் கொடுத்த அந்தக் காலை நினைவுக்கு வந்தது.

மாலை ஏழரைக்குத் திருப்பயணிகள் பூசை உண்டு, நண்பகல் 12 மணிப் பூசையைத்தான் எல்லா டூரும் குறிவைக்கிறது. மாலையில் கட்டிப்பிடிக்கிற வரிசையும் குறைவாக இருந்தது, பத்து நிமிடத்தில் மேலே போய்விட்டேன். அம்மாவுக்காகவும் சேர்த்து ஒரு தடவை கட்டிக்கொண்டேன்.

தூபக் கலசத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உங்கள் நோட்டீஸ் எல்லாவற்றிலும் அந்தப் படம் இருக்கிறது. போத்தாஃபுமெய்ரோ, 53 கிலோ எடை, ஒன்றரை மீட்டர் உயரம், எட்டுப் பேர் கயிறு இழுக்க, குறுக்குக் கூடத்தில் இந்தக் கூரையிலிருந்து அந்தக் கூரைக்கு மணிக்கு 68 கிலோமீட்டர் வேகம் வரை வீசி ஆடும். ஆனால் அதைத் தினமும் ஆட்டுவதில்லை. குறிப்பிட்ட திருவிழா நாட்களில், இல்லையென்றால் ஏதாவது குழு முன்கூட்டியே கேட்டுக் காணிக்கை செலுத்தியிருந்தால். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் பஸ்ஸில் இருந்த ஒரு பெரியவர் அதைப் பார்க்கவே வந்தவர், போனைத் தூக்கிப் பிடித்தபடியே பூசையில் நின்று ஏமாந்து திரும்பினார். படத்தைப் போடுங்கள், பக்கத்தில் உண்மையையும் ஒரு வரி போட்டுவிடுங்கள். பூசை நேரத்தில் போனைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். பெரிய பைக்கட்டோடு உள்ளே விடமாட்டார்கள் என்பதையும் முன்னாலேயே சொன்னால் வாசலில் திண்டாட மாட்டார்கள்.

பேராலயத்தின் பழைய சிற்ப வாயிலான மகிமை வாயிலுக்குத் தனிச் சீட்டு, முன்பதிவு செய்ய வேண்டும், உள்ளே படம் எடுக்கக்கூடாது. எங்கள் டூரில் அது இல்லவே இல்லை. இரண்டாவது தடவை போய்ப் பார்த்தபோதுதான் எதை விட்டுவிட்டுப் போயிருந்தோம் என்று புரிந்தது. மத்தேயோ என்ற சிற்பியும் அவருடைய ஆட்களும் செதுக்கியது. வாயிலின் குறுக்குக் கல்லில் 1188 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. மேல் வளைவில் திருவெளிப்பாட்டில் வருகிற 24 மூப்பர்கள் வாத்தியங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் இரண்டு பேர் மடியில் ஒரே வாத்தியம், ஒருவர் பிடியைச் சுற்ற மற்றவர் வாசிக்கிறார். தானியேல் இறைவாக்கினர் கல்லில் சிரிக்கிறார், பல் தெரிய. நடுத்தூணில் ஐந்து விரல் பதிகிற குழிகள். வந்து சேர்ந்த ஒவ்வொருவரும் அங்கே கை வைத்து வைத்து எண்ணூறு வருடத்தில் பளிங்கு குழிந்துபோயிருக்கிறது. எங்கள் ஊர்க் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் கயிறு அறுத்த தடம் இப்படித்தான் வழவழப்பாக இருக்கும். இப்போது தொட அனுமதி இல்லை, அது சரிதான், நாம் தொட்டால் மிச்சமும் போய்விடும். தூர நின்று பார்த்தேன், அதுவே போதும்.

உங்கள் கைடுகளுக்கும் ஒரு வார்த்தை. எங்களைக் கடகடவென்று நடத்திப்போனபோது சந்தியாகப்பர் குதிரைமேல் வாளோடு இருக்கிற சிலையைத் தாண்டினோம். எங்கள் கடற்கரையில் குதிரைமேல் பார்த்துப் பழகியதால் அம்மா ஆசையாக நின்றார். குதிரைக்குக் கீழே ஏன் அவ்வளவு பூ என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்தப் பூக்களுக்குப் பின்னால் வெட்டுப்பட்டுக் கிடக்கிற முஸ்லிம் வீரர்கள் இருக்கிறார்கள். இடைக்காலப் போர்களில் அவரைப் படைத்துணையாக ஆக்கிக்கொண்டதன் மிச்சம். பார்ப்பவர் மனம் நோகும் என்று நாங்கள் போனபோது பூவால் மறைத்திருந்தார்கள். வேர்காட்டுத் திருவிழாவைப் பார்த்து வளர்ந்த அம்மாவிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. நான் பிறகு சொன்னேன். "நம்ம ஊர்ல அவரு எல்லாருக்கும் பொதுவாத்தான இருக்காரு" என்றார். அதேபோலத்தான் கல்லறைக் கதையும். 9ஆம் நூற்றாண்டில் பெலாயோ என்ற துறவி ஒளியைக் கண்டு கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது, 1589இல் ஆங்கிலேயக் கப்பல்படைக்குப் பயந்து எலும்புகளை ஒளித்துவைத்தது, ஒளித்த இடமே மறந்துபோய் 1879இல் தோண்டி எடுத்தது, இதையெல்லாம் சொன்னால் ஜனங்கள் நம்பிக்கை இழந்துவிட மாட்டார்கள். கதையைத் தெரிந்துகொண்டு கும்பிடுவார்கள்.

நான் கேட்பது ஒரு ராத்திரியும் ஐந்து கிலோமீட்டரும். லிஸ்பனில் கடைத்தெருவுக்கு ஒதுக்குகிற அரைநாளை எடுத்துக்கொள்ளுங்கள். விலை கூடும் என்றால் எவ்வளவு என்று வெளிப்படையாகப் போடுங்கள், வேண்டியவர்கள் கட்டுவார்கள்.

அம்மாவுக்கு இப்போது 72. தினமும் விடிகாலை கோவிலுக்குப் போக வர நாலு கிலோமீட்டர் நடக்கிறார். பாஸ்போர்ட் 2029 வரை செல்லும். உங்களில் யார் மோன்ட்டே தோ கோசோவில் பஸ்ஸை நிறுத்தப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், முதல் இரண்டு சீட்டு எங்களுக்கு. கோடாலித் தைலம் இந்தத் தடவை நாலு பாட்டில் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.