‘நாலடி முன்னால போ தம்பி’ என்றவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெல்டா மாவட்டப் பறவைப் படப் போட்டியை நடத்தும் நிர்வாகிகளுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த ஆண்டு நீங்கள் புதிதாகச் சேர்த்திருக்கும் விதியைப் பற்றி எழுதுகிறேன். பறவை ஃப்ரேமில் மூன்றில் ஒரு பங்கையாவது அடைத்திருக்க வேண்டும், இல்லாத படம் முதல் சுற்றிலேயே தள்ளப்படும் என்ற அந்த விதிதான். நேரில் சொன்னேன், வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. எனவே எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று. அந்த விதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கோடை விடுமுறைக்கு முன்னால் நடந்த உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு பள்ளிக்கூடப் பையன் எழுந்து கேட்டது நினைவிருக்கும். “எங்கிட்ட 55-250 லென்ஸ்தான் சார் இருக்கு, மூணுல ஒரு பங்கு வரவே மாட்டேங்குது.” மேடையிலிருந்து வந்த பதில், “நாலடி முன்னால போ தம்பி, தானா வரும்.” எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். கேட்ட பிள்ளைகள் அதைக் கையில் எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த நாலடி எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வயல்களில் தரையில் முட்டையிடும் ஆள்காட்டிப் பறவை அலகு முதல் வால் வரை 35 செ.மீ. இருக்கும். சிறிய சென்சார் உள்ள (கிராப் சென்சார்) கேமராவில், அந்தப் பையனின் 55-250 மி.மீ. லென்ஸை 250 வரை முழுக்க நீட்டி எடுத்தாலும், அது நீங்கள் கேட்கும் அளவுக்குப் படத்தை நிரப்ப, ஏழெட்டு மீட்டருக்குள் போயாக வேண்டும். அதே கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் மாட்டியவர் பதினேழு மீட்டரில் நின்றுகொள்ளலாம். லென்ஸ் பாதியானால் பறவை ஃப்ரேமில் பிடிக்கும் இடம் கால்வாசி ஆகிவிடும் என்பது நீங்களே கரும்பலகையில் எழுதிக் காட்டியதுதான். பெரிய லென்ஸ் இல்லாதவனிடம் மூன்றில் ஒரு பங்கு கேட்டால், கூட்டுக்குப் பக்கத்தில் போ என்று சொல்வதாகத்தான் அர்த்தம். விதியில் அந்த வரி அச்சாகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடிப் பக்கம், உளுந்து எடுத்துத் தரிசாகக் கிடந்த ஒரு வயலில் அதுதான் நடந்தது.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறுந்தரையில் லேசாகக் குழித்து, சுற்றிலும் மண்கட்டிகளையும் சிறு கற்களையும் ஒதுக்கி, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். மண்ணின் நிறம், மேலே கரும்புள்ளிகள். தெரியாமல் மிதித்துவிடலாம். நான்கு வாரம் அடைகாக்க வேண்டும். சித்திரை வெயிலில் அந்தப் பறவை பகலெல்லாம் முட்டைக்கு நிழலாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறி, எங்காவது வாய்க்கால் குட்டையில் மிச்சமிருக்கும் தண்ணீரில் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமரும். முட்டை சூட்டில் கெட்டுப்போகாமல் காப்பது அந்த ஈரம்தான்.

நான் போனபோது பதினோரு மணி இருக்கும். ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் மாணவர்கள். கையில் கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ், இருவரிடம் வெறும் செல்போன். முட்டையைச் சுற்றி வளைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பறவை தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தியது. இன்னொன்று வரப்பில் இறங்கி, சிறகு ஒடிந்ததைப் போல இழுத்து இழுத்து நடந்து, அவர்களை வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்த்தது. அதையும் படம் எடுத்தார்கள். நிலத்துக்கார அம்மா கரையிலிருந்து இறங்கி வந்து, “ஏந்தம்பி, அது அந்தக் கத்துக் கத்துதே, ஒங்க காதுல விழலையா?” என்று கேட்ட பிறகுதான் ஒருவன் எழுந்தான். நானும் போய்ச் சொல்லி எல்லோரையும் ரோட்டுக்குக் கூட்டி வந்தேன். அதற்குள் அந்த நான்கு முட்டைகளும் எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தனவோ. மறுநாள் விடியற்காலையில் பார்த்தேன். காலடித் தடங்கள் நாலாபக்கமிருந்தும் வந்து அந்தக் குழியில் முடிந்திருந்தன. முட்டை ஒன்றுகூட இல்லை. இத்தனை தடம் இருந்தால் காக்கைக்கும் நாய்க்கும் வேறு வழிகாட்டி எதற்கு?

பையன்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர்கள் கேட்டார்கள், நீங்கள் சொன்னீர்கள், அவர்கள் செய்தார்கள்.

என்னால் பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. அந்த வாரமே உங்கள் குழுவில் ‘வாரத்தின் சிறந்த படம்’ வந்தது. இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து, ஃப்ரேம் நிறைய ஆள்காட்டி. கீழே நடுவர் ஒருவரின் பாராட்டு: ‘கண்ணில் என்ன வேகம்!’ பறவை எதற்காக வாயைப் பிளந்துகொண்டு வந்தது என்று எத்தனையோ ஆண்டுகளாகப் பறவை பார்க்கும் உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் பாராட்டினீர்கள் என்றால் அடுத்த பங்குனி, சித்திரையில் இந்த மாவட்டத்தில் எத்தனை முட்டைகளைச் சுற்றி ஆள் உட்காரும் என்று யோசித்தீர்களா? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. பள்ளிப் பிள்ளைகளை அதில் கொண்டுபோய் மாட்டிவிடாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

சின்ன லென்ஸில் எடுத்தால் தரம் இருக்காது என்று அன்றைக்கு ஒருவர் சொன்னார். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னிடம் இருப்பதும் 55-250தான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, குறுவைக்குத் தொழி உழும்போது ஒரு நாள் என்னுடன் வாருங்கள். ட்ராக்டர் சேற்றைப் புரட்டப் புரட்ட, உண்ணிக்கொக்கும் மடையானும் நத்தை குத்தி நாரையும் சக்கரத்தை ஒட்டியே வரும். ஓட்டுகிறவர் கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். 600 லென்ஸ் வைத்திருப்பவர் அங்கே பின்வாங்கிப் பின்வாங்கிக் கரையேறிவிட வேண்டும். 55-இல் எடுத்தால் ட்ராக்டர், ஓட்டுகிறவர், நாற்றங்காலில் குனிந்திருக்கும் பெண்கள், பின்னால் பனைவரிசை, இத்தனைக்கும் நடுவே நத்தையைக் கவ்வி நிற்கும் நாரை எல்லாம் ஒரே படத்தில் வரும். அந்தப் படத்தில் நாரை மூன்றில் ஒரு பங்கு இருக்காது. பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் நாரைக்கும் நம் நெல்லுக்கும் என்ன உறவு என்று கேட்கிற குழந்தைக்கு அதைத்தான் காட்ட முடியும்.

பறவையை விரட்டிக்கொண்டு போகாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதும் சின்ன லென்ஸ்தான். பம்புசெட் கொட்டகைச் சுவரோரம் இருட்டோடு போய் உட்கார்ந்துவிட வேண்டும். அசையக் கூடாது. வெளிச்சம் வரும்போது மீன்கொத்தி குழாய்மேல் தானே வந்து உட்காரும், தாழைக்கோழி கோரையிலிருந்து தானே வெளியே நடந்து வரும். அது வரும் தூரத்தை அது முடிவு செய்கிறது. உங்கள் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும். கோடியக்கரையில் பூநாரைக் கூட்டத்தை வெயில் ஏறிய பின் பெரிய லென்ஸில் இழுத்துப் பாருங்கள். சேற்றுப் பரப்பிலிருந்து எழும் கானல் அத்தனையையும் கரைத்துவிடும், ஒரு கால் நேராகத் தெரியாது. அதே நேரத்தில் அகலமாக எடுத்தவருக்கு நீரும் வானமும் நடுவில் அந்த இளஞ்சிவப்புக் கோடும் கிடைக்கும்.

உங்கள் சுவரொட்டியில் ‘டெல்டாவின் ராம்சர் தலங்களைக் கொண்டாடுவோம்’ என்று போட்டிருக்கிறீர்கள். கோடியக்கரை 2002-இலும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இலும், கரைவெட்டி 2024-இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் அந்த ராம்சர் பட்டியலில் ஏறின. ஏறியவை ஏரிகளும் சதுப்பும். ஏரியே தெரியாத படத்துக்குத்தான் பரிசு என்று விதி போட்டுவிட்டு எந்தத் தலத்தைக் கொண்டாடப் போகிறோம்? லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் போட்டியில்கூட, விலங்கை அதன் வாழிடத்தோடு சேர்த்துக் காட்டும் படங்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. நம் ஊரில் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் உதிரி பாகங்களைச் சேர்த்துத் தானே கோத்த கேமராவில்தான் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவரிடம் யாரும் லென்ஸ் நீளம் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிக முக்கியம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. கோடியக்கரையிலும் முத்துப்பேட்டையிலும் காடு எப்படிச் சரிந்தது என்பது உங்களுக்கும் தெரியும். அதற்குப் பிறகு பழைய படங்களைத் தேடி நண்பர்களிடமெல்லாம் கேட்டேன். எந்த மரத்தில் எந்தப் பறவை அடைந்தது, எந்தக் கரை வரை தண்ணீர் நின்றது என்று பார்க்க ஆசை. கிடைத்தவை எல்லாம் அருமையான படங்கள். சிறகின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது, கண்ணில் வெளிச்சம் மின்னியது. பின்னால் மட்டும் பச்சையாக ஒரு மங்கல். அது எந்த மரம், எந்த இடம் என்று எடுத்தவராலேயே சொல்ல முடியவில்லை. போன காட்டின் படம் நம்மிடம் இல்லை. யாரோ ஒரு மாணவன் 55-இல் எடுத்து, ‘பறவை சின்னதாக இருக்கிறது’ என்று யாரோ தள்ளிய படங்களில் அது இருந்திருக்கும். அடுத்த புயல் வராது என்று உங்களில் யாராவது சொல்ல முடியுமா? இந்த விதி இருக்கும்வரை அடுத்த காட்டையும் யாரும் எடுத்து வைக்கப் போவதில்லை.

கடன் வாங்கி லென்ஸ் வாங்குகிறார்கள். 150-600 ஜூமே ஏறக்குறைய ஒரு லட்சம், 600 எஃப்4 என்றால் பத்து லட்சத்துக்கு மேல். தவணையில் எடுத்துத் தரலாமா என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். அவருக்குச் சம்பா நெல் பணமே இன்னும் முழுசாகக் கைக்கு வரவில்லை. கூட்டை மறைக்கும் முள்கிளையை ஒடித்துவிட்டு எடுக்கிறார்கள். ஸ்பீக்கரில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கிறார்கள். கருவேல மரங்களில் குஞ்சு இருக்கும்போது மேலே ட்ரோன் விடுகிறார்கள். வயலில் அடிக்கும் மருந்தில் நத்தை சாகிறது, நத்தையை நம்பி வரும் நாரையைப் பற்றிப் பேச ஒரு மேடை கிடையாது. ஏரி தூர்ந்து கிடக்கிறது, அதைப் படமெடுத்தால் எந்தப் போட்டியிலும் பிரிவு கிடையாது. இத்தனையையும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் இந்தப் பகுதியில் கேமரா தூக்கும் பிள்ளைகள் யார் பேச்சைக் கேட்கிறார்கள் என்றால், உங்கள் பேச்சைத்தான். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

பணிவாகவே கேட்கிறேன். மூன்றில் ஒரு பங்கு விதியை எடுத்துவிடுங்கள். முகமும் சிறகும் தெரிய நெருக்கமாக எடுப்பவர்களுக்கு ஒரு பிரிவு இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பறவையும் ஊரும் தண்ணீரும் சேர்ந்த படங்களுக்கு இன்னொரு பிரிவு வையுங்கள், அதில் லென்ஸ் நீளத்தையோ பறவையின் அளவையோ கேட்காதீர்கள். கூடு, முட்டை, குஞ்சுப் படங்களை எந்தப் பிரிவிலும் வாங்க மாட்டோம் என்று அறிவியுங்கள். அந்த ஆள்காட்டிப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். எடுத்த பையனின் பெயரைப் போட வேண்டாம்.

படங்கள் அனுப்பக் கடைசி நாளுக்கு முன்பே இது வெளியானால், விதியைப் பார்த்துவிட்டு ஒதுங்கிய பிள்ளைகளும் அனுப்பலாம். திருத்திய அறிவிப்பை மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டுமென்றால், என் வண்டியில் நானே போகிறேன். அச்சடித்த தாளை மட்டும் கொடுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
மன்னார்குடி வட்டத்திலிருந்து,
உங்கள் குழு உறுப்பினன்