மைக்கேனாஸ் பற்றி எழுதும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உன் கட்டுரை வரைவைப் படித்துவிட்டேன். நடை நன்றாக ஓடுகிறது. ஆனால் 'பெரும் பணக்காரர், கவிஞர்களுக்கு வாரிக் கொடுத்தார், அவர்கள் அகஸ்டஸைப் புகழ்ந்து பாடினார்கள்' என்று மூன்றே வரியில், ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் நண்பரும் ஆலோசகருமான மைக்கேனாஸை முடித்துவிட்டாய். கொடுத்த பிறகு அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதில்தான் அவருடைய அருமை இருக்கிறது. அதை நீ தொடவே இல்லை.

முதலில் குடும்பத்தைச் சரிசெய். சொந்த ஊர் இத்தாலியில் இன்றைய அரெட்சோ. ரோமர்களுக்கு முன்பே அங்கே செழித்திருந்த எட்ருஸ்கன் இனத்து வம்சம். 'கில்னியஸ் மைக்கேனாஸ்' என்று எழுதியிருக்கிறாய். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஓரிடத்தில் அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் கில்னி என்பது அந்த ஊரில் கோலோச்சிய பழைய குடும்பம், பெரும்பாலும் அவருக்குத் தாய்வழி உறவு. காயஸ் மைக்கேனாஸ் என்றே போடு. பிறந்தநாள் ஏப்ரல் 13. அவர் ஆதரித்த கவிஞர் ஹொரேஸ் தன் 'ஓட்ஸ்' (Odes) பாடல்களின் நான்காம் தொகுதியில், 11ஆம் பாடலில் அதைக் கொண்டாடுகிறார். பிறந்த ஆண்டுக்கு 'கி.மு. 70 வாக்கில்' என்றால் போதும். இறந்தது கி.மு. 8.

அவர் செனட்டில் கால் வைக்கவே இல்லை. கடைசிவரை, செனட்டர்களுக்கு அடுத்த படியான குதிரைவீரர் வகுப்பிலேயே இருந்தார். அந்த வகுப்பில் இருக்க 4 லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) சொத்து போதும். இவரிடம் இருந்ததோ அதைவிடப் பல மடங்கு. கி.மு. 40இல் பிருண்டிசியம் துறைமுகத்தில் அகஸ்டஸுக்காக அவருடைய போட்டியாளர் ஆண்டனியோடு சமரசம் பேசியதும், அந்த ஆண்டனியை அகஸ்டஸ் வென்ற ஆக்டியம் போர் சமயத்தில் ரோமைக் கவனித்துக்கொண்டதும் எந்தப் பதவியும் இல்லாமல்தான். அவருடைய முத்திரையில் ஒரு தவளை இருந்தது. வரி கேட்டு ஓலை வரும் என்பதால் அந்தத் தவளையைக் கண்டாலே மக்கள் நடுங்கினார்கள் என்கிறார் ரோம எழுத்தாளர் மூத்த பிளினி. இதை விட்டுவிடாதே. கவிஞர்களின் அன்பான புரவலரும் இவர்தான், ஊரை அடக்கி வைத்தவரும் இவர்தான்.

மனைவி தெரென்சியா பகுதியில்தான் நீ அதிகம் வழுக்கியிருக்கிறாய். அவளுடைய சகோதரன் முரேனா அகஸ்டஸுக்கு எதிரான சதியில் சிக்கினான். சதி வெளிப்பட்ட ரகசியத்தை மைக்கேனாஸ் மனைவியிடம் சொல்லிவிட்டார் என்று, அகஸ்டஸின் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ் சொல்கிறார். அதை வைத்து 'அன்றோடு அவர் செல்வாக்கு போயிற்று' என்று நீ தீர்ப்பு சொல்கிறாய். அவ்வளவு தூரம் போகாதே. பிற்காலத்தில் நட்பின் தோற்றம்தான் மிஞ்சியது, அதிகாரம் இல்லை என்று டாசிட்டஸ் சொல்வது சரி. ஆனாலும் சாகும்போது சொத்துக்கு வாரிசாக அகஸ்டஸையே எழுதிவைத்தார். குழந்தை கிடையாது. சதி நடந்த ஆண்டையும் கி.மு. 23-22 என்று சேர்த்தே எழுது. 23இன் கான்சல் (ஆண்டுதோறும் மாறும் உயர் பதவி) பட்டியலில் உள்ள முரேனாவும் சதிகார முரேனாவும் ஒரே ஆள்தானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை.

தத்துவவாதி செனெக்காவைச் சாட்சியாக வைக்கும்போது கூடுதல் கவனம் தேவை. தளர்ந்த உடை, தளர்ந்த நடை, மனைவியோடு ஓயாத சண்டையும் சமாதானமும் என்று அவர் வரைவது மைக்கேனாஸ் இறந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. 114ஆம் கடிதத்தில் அவர் நோக்கம் கெட்ட நடைக்கு உதாரணம் காட்டுவது. வாழ்க்கை வரலாறு எழுதுவது அல்ல. மைக்கேனாஸ் சொந்தமாக எழுதியவற்றில் இன்று மிஞ்சிய துணுக்குகளில் கணிசமானவை இந்தக் கேலிக்காக எடுத்தாளப்பட்டதால்தான் தப்பின. அப்படிப் பொறுக்கிய வரிகளை வைத்து அவர் கவித்திறனை எடைபோடுவது அநியாயம்.

இனி ஹொரேஸ். விடுதலை பெற்ற அடிமையின் மகன். கவிஞர்கள் வெர்ஜிலும் வாரியஸும் சொல்லித்தான் மைக்கேனாஸ் முன்னால் போய் நின்றார். வாய் குழறி நாலு வார்த்தை பேசினார். அவரும் சுருக்கமாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். ஒன்பதாவது மாதம்தான் திரும்ப அழைத்து நண்பர்களில் ஒருவராக்கிக்கொண்டார்.

சபைன் மலைப் பண்ணையை 'மைக்கேனாஸ் பத்திரம் எழுதிக் கொடுத்தார்' என்று எழுதியிருக்கிறாய். ஹொரேஸ் எங்கும் அப்படி நேராகச் சொல்லவில்லை. 'உன் தயவு எனக்குப் போதும் போதும் என்னுமளவு கொடுத்துவிட்டது' என்பதுபோல ஒரு வரி உண்டு. பண்ணையைக் குறிப்பிட்டுச் சொன்னவர்கள் பழைய உரையாசிரியர்கள். அந்த வேறுபாடு தெரியும்படி எழுது. பண்ணையின் அளவுக்கு ஹொரேஸையே கேள்: ஐந்து குடியானவக் குடும்பங்கள், எட்டு அடிமைகள், வீட்டருகே வற்றாத ஊற்று, மேலே கொஞ்சம் காடு. ஒரு கவிஞன் யார் வாசலிலும் காத்து நிற்காமல் இருக்க இது போதும்.

நான் மிகவும் மதிப்பது ஹொரேஸ் கவிதையாக எழுதிய நிருபங்களின் (கடிதங்களின்) முதல் தொகுதியில் உள்ள ஏழாவது. அதை நீ படித்தே ஆக வேண்டும். ஐந்து நாளில் வருகிறேன் என்று போன ஹொரேஸ், ஆகஸ்ட் முழுக்க வரவில்லை. குளிர்காலத்தில் கடலோரம் போகப் போகிறேன், முதல் தகைவிலான் வரும்போது வருகிறேன் என்று எழுதுகிறார். கூடவே ஒரு கதை. தானியக் கூடைக்குள் ஒல்லியாக நுழைந்த நரி, தின்று கொழுத்தபின் வெளியே வர முடியாமல் தவிக்கிறது. வந்தபடியே மெலிந்தால்தான் வெளியே வரலாம் என்கிறது மரநாய். அந்தக் கதை எனக்குத்தான் என்றால், வாங்கியது அத்தனையையும் திருப்பித் தருகிறேன் என்கிறார் ஹொரேஸ். ரோமின் பெரிய மனிதர்களில் ஒருவரிடம், அவர் தயவில் வாழ்ந்தவர், எல்லாரும் படிக்க வெளியிட்ட கடிதத்தில் இதைச் சொல்ல முடிந்தது. உறவும் முறியவில்லை. 'ஹொரேஸை என்னைப்போலவே நினைவில் வையுங்கள்' என்று உயிலில் அகஸ்டஸுக்கு மைக்கேனாஸ் எழுதிய வரிதான் அதற்குச் சாட்சி. உன் கட்டுரையின் நடுவில் இதை வை; மற்றதெல்லாம் தானாக அமையும்.

ரோமில்தானே இருக்கிறாய், எஸ்குவிலைன் குன்றில் உள்ள லார்கோ லியோபார்டிக்கு ஒருமுறை போய் வா. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போ. மைக்கேனாஸின் தோட்டத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் மண்டபம் அங்கே இருக்கிறது; 1874இல் கண்டெடுத்தது. சுமார் 24 மீட்டர் நீளம், பாதி மண்ணுக்குள். ஒரு கோடியில் அரைவட்டமாக ஏழு படிகள். அதைப் பார்த்துத்தான் கவியரங்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். படிகள் ஆள் உட்கார முடியாத அளவு குறுகல். தண்ணீர்க் குழாயின் தடயம் வேறு இருப்பதால், அருவிபோல நீர் வழிந்த கோடைக்கால விருந்துக்கூடம் என்றே இப்போது கருதுகிறார்கள். 'இங்கே வெர்ஜில் கவிதை வாசித்தார்' என்ற உன் வரியை எடுத்துவிடு. வெளிச்சுவரில் கலிமாக்கஸின் கிரேக்கக் கவிதை ஒன்றைத் தீட்டியிருந்தார்கள், அதைச் சேர்த்துக்கொள்.

திருத்திய வரைவை அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா