பிப்ரவரியில் வராதே

சுங்கை சிப்புட்
டிசம்பர் 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ பேசும்போது பக்கத்தில் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் "சரிம்மா" என்று வைத்துவிட்டேன். ஆனால் சரியில்லை. பிப்ரவரி நடுவில் இரண்டு நாள் வந்து உன் படத்தின் மிச்சக் காட்சிகளை எடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறாயே, அப்போது மரத்தில் இலை இருக்காது.

நீ ஹாஸ்டலிலும் கோலாலம்பூரிலும் வளர்ந்தவள், மறந்திருப்பாய். பால்மரம், அதான் ரப்பர் மரம், வருஷத்துக்கு ஒரு தடவை மொட்டையாகும். தை கடைசியில் இலை சிவக்கும், மாசியில் கொட்டும், பங்குனியில் தளிர் விடும். நவம்பரில் நீ எடுத்தபோது மரமெல்லாம் பச்சை. நிரைக்குள், மர வரிசைகளுக்கு நடுவே, வெயில் காசு காசாகத்தான் விழுந்தது. பிப்ரவரியில் அதே நிரையில் அண்ணாந்து பார்த்தால் வானம்தான் தெரியும். உன் கதையில் பால் வெட்டுகிற பெண், தோட்டத்து வரிசை வீடான லயத்துக் கதவைத் திறந்து வெளியே வருவதை எடுத்தாகிவிட்டது. அடுத்து நிரைக்குள் கால் வைப்பதைத்தானே எடுக்கப்போகிறாய்? வாசலில் மழைக்காலம், நாலு எட்டு வைத்தால் கோடை என்று ஆகிவிடும். போதாக்குறைக்குக் காய்ந்த இலை காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். உன் சவுண்டு தம்பி அழுதுவிடுவான்.

ஆகவே பொங்கலுக்கு முன்னால் வா. முடியாவிட்டால் ஏப்ரல் நடுவில் இலை முற்றிய பிறகு வா. இருபத்தாறு வருஷம் பால் வெட்டினவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

தீபாவளிக்கு வந்தபோது லேப்டாப்பில் அந்த வங்காளத்துப் படத்தைக் காட்டினாயே, சத்யஜித் ராய் எடுத்த 'பதேர் பாஞ்சாலி'. படத்தைவிட நீ சொன்ன பின்கதைதான் எனக்கு மனதில் நிற்கிறது. 1952 அக்டோபரில் நாணல் பூக்காட்டில் ஒரு நாள் எடுத்தார்கள். அடுத்த வாரம் போனால் மாடு மொத்தத்தையும் மேய்ந்துவிட்டிருந்தது. மறு வருஷம் பூக்கும்வரை காத்திருந்துதான் அந்தக் காட்சியை முடித்தார்களாம். கேமரா பிடித்த சுப்ரத மித்ராவுக்குச் சின்ன வயது, அதற்கு முன் சினிமா கேமராவையே இயக்கியதில்லை. ராய் இன்சூரன்ஸ் பத்திரத்தை அடகு வைத்திருக்கிறார், மனைவியின் நகையும் போயிருக்கிறது. இதைச் சொல்லும்போது நீ என் கழுத்தைப் பார்த்தாய், நானும் கவனித்தேன். சங்கிலியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

காத்திருப்பதிலும் ஒரு செலவு இருக்கிறது. பையன் குரல் உடையாமலும், அக்காவாக வந்த பெண் வளர்ந்துவிடாமலும், அந்தக் கிழவி செத்துப்போகாமலும் இருந்ததே அதிசயம் என்று ராயே சொன்னதாக நீதான் சொன்னாய். உன் படத்தில் நடிக்கிற நம் பையனுக்குப் பதினொன்றரை வயது. பள்ளி திறந்தால் முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். அதனால் நேற்றே அவன் அம்மாவிடம் போய், நீ வரும்வரை கத்தரி வைக்கவேண்டாம், பள்ளியில் கேட்டால் நான் வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏப்ரல் வரை அந்த முடியைக் காப்பாற்ற என்னால் ஆகாது. ஜனவரியில் வந்தால் எல்லாருக்கும் நல்லது.

ஜனவரியில் வந்தால் வெளிச்சத்தைக் கவனி. நவம்பரில் ஏழு மணி தாண்டியதும் சூரியன் வந்தது. பொங்கல் சமயத்தில் ஏழரை ஆகிவிடும். 1982 ஜனவரி 1-ஆம் தேதி நம் பக்கத்துக் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளினார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. "மணியைத்தான் முந்த வைத்தார்கள், விடியலை முந்த வைக்க முடியுமா?" என்று உன் அம்மாச்சி இருட்டில் வாளியைத் தூக்கிக்கொண்டு திட்டிக்கொண்டே போவார். இங்கே விடியல் சட்டென்று முடிந்துவிடும். வெளுக்கத் தொடங்கி இருபது நிமிஷத்தில் வெயில். அந்த நீல வெளிச்சத்தில் உனக்கு இரண்டு டேக், மிஞ்சினால் மூன்று கிடைக்கும். அதற்குள் எடுக்கவேண்டியதை முந்தின நாள் சாயங்காலமே நடந்து பார்த்துவிடு. விடிந்த பிறகு நின்று யோசிக்காதே.

நீ செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் அந்த விடியற்காலைக் காட்சிதான். பெரிய விளக்கு வாடகைக்கு எடுக்கக் காசில்லை என்று முணுமுணுத்துவிட்டு, அவள் தலைவிளக்கை மட்டும் வைத்து எடுத்தாயே. மரத்தில் ஒரு வட்டம், அதில் பட்டை, கத்தி, விரல். மற்றதெல்லாம் இருட்டு. மானிட்டரில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நாங்கள் அத்தனை வருஷமும் பார்த்தது அந்த வட்டத்தைத்தான். காசு இருந்திருந்தால் நீ காடு முழுக்க விளக்கைப் போட்டுக் கெடுத்திருப்பாய்.

ஆனால் அந்தப் பொண்ணுக்குக் கத்தி பிடிக்கத் தெரியவில்லை. தோசை திருப்புகிற மாதிரி தள்ளினாள். நம் ஊர்க் கத்தியை இழுக்க வேண்டும். இடது மேலிருந்து வலது கீழே, சரிவாக, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான கனத்தில் பட்டை சுருண்டு விழ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், ஆறினாலும் முண்டு கட்டிவிடும். அரை நாள் நான் சொல்லிக்கொடுத்த பிறகு ஓரளவு வந்தது. முகத்தை அழகாக எடுத்துவிட்டால் போதும் என்று உன் கேமரா தம்பி நினைத்தான். படம் பார்க்க வருகிற எங்களைப் போன்றவர்கள் கையைத்தான் முதலில் பார்ப்போம். கை பொய் சொன்னால் அப்புறம் அவள் என்ன வசனம் பேசினாலும் காதில் ஏறாது. இந்தத் தடவை ஒரு வாரம் முன்னாலேயே அவளை என்னிடம் அனுப்பு. சாப்பாடு போட்டு நிரைக்கு அழைத்துப் போகிறேன்.

பையன் விஷயத்திலும் ஒன்று சொல்லவேண்டும். ஒத்திகையில் அவன் பாட்டியிடம் காசு கேட்டானே, காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு. அப்போது கேமரா ஓடவில்லை. ஓடத் தொடங்கியதும் டிவி நாடகம் மாதிரி புருவத்தைத் தூக்கினான். ஒன்பது தடவை எடுத்தும் அந்தக் கால் தேய்ப்பு திரும்ப வரவில்லை. நீ அவனிடம் "இயல்பா இரு, இயல்பா இரு" என்று கத்திக்கொண்டிருந்தாய். இயல்பாக இரு என்று சொன்னால் யாருக்கு இயல்பு வரும்? ராய் அந்தப் பையன் நடக்கிற வழியில் குச்சிகளைப் போட்டு, தாண்டித் தாண்டி வரச் சொன்னாராமே, அப்படி ஏதாவது ஒரு வேலை கொடு. ஒத்திகையையும் படம் பிடித்துவிடு. மெமரி கார்டில் இடம்தானே போகும், ஃபிலிம் சுருளா வீணாகிறது?

மழை விஷயத்தில் உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். நவம்பரில் நாலு மணிக்கு மேல் தகரக் கூரைக்குக் கீழே வசனம் வைக்காதே என்று முதல் நாளே சொன்னேன். "அட்டவணைம்மா" என்றாய். மழைக்கு யார் அட்டவணை கொடுத்தது? மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குள் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. அப்போதாவது வசனத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பேசினாலும் கேட்காத மழையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதை எடுத்திருக்கலாம். நீயோ பிடிவாதமாக ஏழு மணிவரை காத்திருந்து, எல்லாரும் களைத்த பிறகு எடுத்தாய். களைப்பு திரையில் தெரிகிறது.

ஃபிரிட்ஜ் கதை தெரியுமா உனக்கு? உர்ரென்று சத்தம் வருகிறது என்று பாட்டி வீட்டு ஃபிரிட்ஜை நிறுத்தினீர்கள். திரும்பப் போட ஒருவருக்கும் நினைப்பில்லை. மறுநாள் காலையில் மூன்று கிலோ மீன் நாறிப்போய்க் கிடந்தது. பாட்டி உன்னிடம் சொல்லவேண்டாம் என்றார், நான் சொல்கிறேன். சவுண்டு தம்பியைக் கேட்டால் இதற்கு ஒரு வழி இருக்கிறதாம்: ஃபிரிட்ஜை நிறுத்தும்போது கார் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும், மறந்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. தெரிந்தவன் ஏன் செய்யவில்லை என்றேன். தலையைச் சொறிந்தான். ஆனால் நல்ல பையன். தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல், பாட்டி எந்த இடத்தில் மூச்சை இழுக்கிறார் என்றுகூடக் கவனித்துச் சொன்னான். ஒவ்வொரு வீட்டிலும் எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லி அரை நிமிஷம் வெறும் அமைதியைப் பதிவு செய்தானே, அதை மட்டும் நான் முதலில் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வசனத்துக்கு நடுவில் ஒட்டத்தானாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், வேறெங்கோ போய்விட்டேன்.

நீ கிளம்பிய பிறகு மேசைக்கடியில் உன் பட்ஜெட் தாள் கிடந்தது. மொத்தம் 18,000 வெள்ளி, அதாவது ரிங்கிட். கேமரா, லென்ஸ், ஹார்ட் டிஸ்க், பெட்ரோல், எடிட்டிங் எல்லாவற்றுக்கும் தொகை இருக்கிறது. இடம் என்ற வரியில் சுழி. சாப்பாடு, சுழி. ஊர்மக்கள், சுழி. பக்கத்தில் 'இலவசம்' என்று எழுதி ஒரு சிரிப்புமுகம்.

பதினான்கு பேருக்கு ஆறு நாள், மூன்று வேளை. அதற்கு ஆன 1,140 வெள்ளியை நான் கேட்கவில்லை, பெற்றவள் சோறு போட்டதற்குக் கணக்கில்லை. ஆனால் கடைசி வீட்டு அக்காவைக் காலை எட்டு மணிக்கு வரச்சொல்லி, மாலை நாலரைக்குக் குழாயடியில் தண்ணீர் பிடிப்பதாக இரண்டு விநாடி எடுத்தாய். அவர் அன்று வேலைக்கு லீவு போட்டிருந்தார். ஒரு நாள் சம்பளம் போச்சு. தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் மாமா ஜெனரேட்டர் கொடுத்தார், டீசலும் அவருடையதே. பாட்டி வீட்டுச் சுவரில் தாத்தா படத்தைக் கழற்றினீர்கள். திரும்ப மாட்டியது சாய்ந்திருந்தது. கண்ணாடியில் ஒரு விரிசலும் இருக்கிறது, அது முன்பே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பாட்டி கேட்கமாட்டார்.

அவர்கள் யாரும் உன் படத்துக்காகச் செய்யவில்லை. என் முகத்துக்காகச் செய்தார்கள். என் மகளுக்குப் பெயர் வைத்த நாளிலிருந்து பார்த்தவர்கள். நீ படத்தை முடித்துக்கொண்டு போய்விடுவாய், நான் நாளைக்கும் அதே குழாயடிக்குப் பக்கத்தில்தான் நடக்க வேண்டும்.

காசில்லாமல் படம் எடுக்காதே என்று சொல்லவில்லை. இந்த ஊரில் பிறந்து மந்திரியான துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். துண்டாடி விற்கப்படவிருந்த தோட்டங்களை அந்தப் பணத்தில் வாங்கினார்கள். உன் அம்மாச்சியும் பத்து வெள்ளி கட்டினவர்தான், ரசீதைத் தகர டப்பாவில் வைத்திருந்தார். பத்து வெள்ளி கொடுத்தவருக்கும் பங்கு உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள், அதனால் ஜனம் கொடுத்தது. நீயும் எழுது. யார் என்ன கொடுத்தார்கள், எவ்வளவு மதிப்பு, எப்போது திருப்புவாய் என்று. திருப்ப முடியாததற்கு அந்த ஆளின் பெயரைப் படத்தின் கடைசியில் போடு, எழுத்துப் பிழையில்லாமல். நன்றி, ஊர்மக்கள் என்று மொத்தமாகப் போட்டால் நான் தியேட்டரிலேயே எழுந்து நிற்பேன்.

அப்பா உன் கட்சி. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் கதையைச் சொன்ன 'ஜகாட்' படம் 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக வந்ததை இன்னும் காப்பிக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஏதோ அவரே எடுத்த மாதிரி. அவருடைய கைவண்டியில் கேமராவை வைத்துத் தள்ளினீர்களே, டயரில் காற்றைப் பாதி இறக்கிவிட்டால் குலுங்காது என்று கண்டுபிடித்தவர் அவர்தானாம். அதற்கு ஒரு பட்டம் போடவேண்டுமாம், என்ன பட்டம் என்று நீயே யோசி.

ஆக, ஜனவரி 10-க்குள் வா. ஒரு நாள் முந்தி நீ மட்டும் வந்து, வீடு வீடாகப் போய் உட்கார்ந்து தேநீர் குடி. அக்காவுக்கு 65 வெள்ளி, மாமாவுக்கு டீசல் காசு, உறையில் போட்டுக் கொடு. பாட்டிக்குக் காசு கொடுக்காதே, கோபப்படுவார். மீன் வாங்கிக்கொண்டு போ, தாத்தா படத்துக்குப் புதுக் கண்ணாடியும் போட்டுக் கொடு. அளவு எடுத்து வைத்திருக்கிறேன், 12-க்கு 16 அங்குலம். தோட்ட நிர்வாகத்திடம் வாங்கிய அனுமதிக் கடிதத்தில் நவம்பர் தேதி மட்டும்தான் இருக்கிறது, அதையும் புதுப்பிக்க வேண்டும்.

எத்தனை பேர் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். சைவம் எத்தனை என்றும் சொல். சவுண்டு தம்பி வந்தால் போன தடவை மாதிரி ஹலால் கோழியைத் தனிச் சட்டியில் வைத்துவிடுகிறேன். காரம் கொஞ்சம் குறைக்கச் சொன்னான், குறைக்கமாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா