கச்சின் மலைப் பறவைக்கு உரிய பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில் கச்சின் மலைப் பறவைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பர்மாவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த விஷயங்களைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே பெரிய காரியம். அதனால்தான் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காக்கைக் குடும்பத்து நட்கிராக்கர் பறவைக்கு 'நூசிஃப்ராகா கேரியோகேடேக்டிஸ்' என்று அறிவியல் பெயர் போட்டிருக்கிறீர்கள். பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். இன்றைய வகைப்பாட்டில் அது ஐரோப்பா தொடங்கி சைபீரியா, ஜப்பான் வரை வாழும் வடக்கு நட்கிராக்கரின் பெயர். நம் நாட்டில் இருப்பது தெற்கு நட்கிராக்கர், 'நூசிஃப்ராகா ஹெமிஸ்பைலா'.

கட்டுரையோடு வந்த படமும் வடக்குப் பறவைதான். அதன் வயிறு வரை வெள்ளைப் புள்ளிகள் இறங்கியிருக்கின்றன பாருங்கள். நம் பறவைக்கு முகம், கழுத்து, நெஞ்சு, முதுகின் மேற்பகுதியோடு புள்ளிகள் நின்றுவிடும். அதற்குக் கீழே வெறும் பழுப்பு. வாலோரத்து வெள்ளையும் கூடுதல். ஹெமிஸ்பைலா என்றால் பாதிப் புள்ளி என்றே பொருள்.

1758-இல் உயிரினப் பெயரீட்டுக்கு வழிவகுத்த லின்னேயஸ் ஐரோப்பியப் பறவையைக் காக்கைகளோடு 'கோர்வஸ்' பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) சேர்த்தார். ரங்கூனில் நாம் சோறு வைக்கும் காக்கை இன்றும் அந்தப் பேரினம்தான். 1760-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிசோன் நட்கிராக்கருக்குத் தனிப் பேரினம் வகுத்தார். 1831-இல் விலங்கியலாளர் விகர்ஸ் இமயமலைப் பறவையைத் தனி இனமாக விவரித்து ஹெமிஸ்பைலா என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை வடக்குப் பறவையின் இனத்துக்குள் அடங்கும் துணையினமாக இறக்கிவிட்டார்கள். அண்மை ஆண்டுகளில் மறுபடி பிரித்தபோது புதுப்பெயர் தேவைப்படவில்லை. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்குப் பெயரீட்டின் விதி; விகர்ஸின் பெயர் அப்படியே திரும்பி வந்தது. (காஷ்மீர்ப் பக்கத்துப் பறவையும் இப்போது தனி இனம்.)

பெயர் மாறினால் பறவைக்கென்ன என்று சிலர் கேட்கலாம். எல்லாம் ஒரே இனமாக இருந்தவரை சுவீடன் பறவையும் நம் வடகோடி ஊரான புட்டாவோவுக்கு மேலே உள்ள பறவையும் ஒரே கணக்கு. பிரித்த பிறகு இந்த இனத்துக்கு இருப்பிடம் இமயமலை, சீன மலைகள், தைவான், நம் வட எல்லை, அவ்வளவே. பைன் விதைகளை மண்ணில் புதைத்து வைத்துக் குளிர்காலத்தில் தோண்டித் தின்னும் பறவை இது. எடுக்காமல் விட்ட விதைகள் முளைத்து மரமாகின்றன. அந்த ஊசியிலைக் காட்டை வெட்டினால் இழப்பு நம் பறவைக்கு. சைபீரியாவில் எத்தனை நட்கிராக்கர் இருந்தாலும் அதற்கு ஈடாகாது. பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அடுத்த இதழில் திருத்தமும் சரியான படமும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பெயருக்குப் பின்னால், பெயரிட்டவரும் ஆண்டும் தெரிய, 'விகர்ஸ், 1831' என்றும் சேருங்கள். லின்னேயஸ் வைத்த பெயருக்குப் பேரினம் பின்னர் மாறியதால் அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுவது வழக்கம். விகர்ஸ் முதலிலேயே நூசிஃப்ராகாவில் வைத்துவிட்டதால் இங்கே அடைப்புக்குறி வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ரங்கூன்