ஆள் இல்லாத நேரத்தில் எடுத்த கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவாரத்திலிருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் நான். 19 வருடமாக இதே தடம். என் வீட்டுக்காரியும் என் வண்டியில்தான் காய் எடுக்கப் போகிறாள்.

போன மாதம் ஒரு கல்லூரியிலிருந்து நாலு பிள்ளைகள் ஃபாரத்தோடு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு என்னென்ன வைத்திய வசதி தேவை என்று கணக்கெடுக்கிறோம் என்றார்கள். நல்ல காரியம்தான். வந்தது செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி. அன்றைக்கு என் வண்டி பிளேட் உடைந்து பட்டறையில் கிடந்தது, ஆட்கள் வேறு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். அதனால் நான் வீட்டில் இருந்தேன். தெருவில் மிச்சம் இருந்தது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயசாளிகளும் பால்வாடிப் பிள்ளைகளும் நாலைந்து ஆடுகளும்.

என் மாமியாரிடம் கேட்டார்கள்: "பாட்டி, போன 30 நாளில் உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனார்களா?" "இல்லைப்பா" என்றது கிழவி. டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஆக, ஃபாரத்தின்படி என் வீட்டுக்காரி சுகமாக இருக்கிறாள்.

அந்த 30 நாளில் அவளுக்கு மூணு வாரம் நீர்க்கடுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று மருந்துக்கடையில் செட் மாத்திரை வாங்கிப் போட்டாள். செட் மாத்திரை என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கலர் கலராக நாலு மாத்திரையைப் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள், பேர் இருக்காது. மேல்வலிக்கு அதுதான், காய்ச்சலுக்கு அதுதான், மூட்டுவலிக்கும் அதுதான். வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டு தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் கிட்னி கெட்டுப்போகும் என்று ஒரு டாக்டர் பிறகு திட்டினார்.

அந்தத் தண்ணீர் விஷயத்தைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். காலையில் ஏறும்போது எல்லோர் கூடையிலும் ஒரு லிட்டர் பாட்டில் நிறைய இருக்கும். சாயந்தரம் 17 கொண்டை ஊசி வளைவிலும் இறங்கி வரும்போது பின்னால் பாட்டில்கள் உருளும். காலி பாட்டில் உருளும் சத்தம் வேறு, தண்ணீர் உள்ள பாட்டில் தளும்பும் சத்தம் வேறு. என் வண்டியில் பத்து வருடமாகத் தளும்பும் சத்தம்தான். ஏன் தாயீ குடிக்காமல் அப்படியே கொண்டுவருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. ராத்திரி வீட்டில் இவள் சொன்னாள்: "குடிச்சா ஒதுங்கணும்ல. எங்க ஒதுங்க? மேல மருந்தடிக்கிற ஆம்பளைங்க, கீழ கங்காணி. சரிவுல எறங்குனா அட்டை." காலை அஞ்சரைக்கு வண்டி ஏறினால் சாயந்தரம் ஆறரைக்கு வீடு. நடுவில் ஒரு வாய், ரெண்டு வாய். மாதவிலக்கு நாட்களில் எப்படி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளிக்குக் குடிதண்ணீரும் கக்கூஸும் கொடுக்க வேண்டும் என்று 1951லேயே சட்டம் போட்டாகிவிட்டது. நான் ஆள் இறக்கிவிடும் மூணு தோட்டத்தில் ஒன்றில் மட்டும் கக்கூஸ் இருக்கிறது, அதுவும் ஆபீஸை ஒட்டி. காய் எடுக்கும் இடத்திலிருந்து போய்வர அரை மணி நேரம் ஆகும்.

ஏலக்காய் ஏதோ மரத்தில் காய்ப்பது என்று நினைக்கிறவர்கள் உண்டு. செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடும் சரத்தில்தான் காய் பிடிக்கும். குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். ஆடியில் ஆரம்பித்தால் தை வரைக்கும் சுற்றுச் சுற்றாக அதுதான் வேலை, மழையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு. நாற்பது வயதுப் பெண் ஜீப் படியில் கால் வைக்க முடியாமல் முழங்காலைப் பிடித்துத் தூக்கி வைத்து ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன். அந்த ஃபாரத்தில் சர்க்கரை, பிரஷர் என்று கட்டம் இருந்தது. முழங்காலுக்குக் கட்டம் இல்லை.

பூச்சிமருந்து அடிப்பதும் அந்த ஃபாரத்தில் இல்லை. மருந்து அடித்த மறுநாளே அந்தக் காட்டில் காய் எடுக்க விடுவது உண்டு. அன்றைக்குச் சாயந்தரம் வண்டியில் வாடை வரும். மலையில் மூடுபனி என்று தார்ப்பாயை இறக்கிவிட்டிருப்போம், பதினாலு சேலையில் ஏறிய வாடை உள்ளேயே நிற்கும். வளைவில் ரெண்டு பேராவது வாந்தி எடுப்பார்கள். வண்டி ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மருந்து அடிக்காத நாளில் அதே பெண்கள் அதே வளைவில் வாந்தி எடுப்பதில்லை. வீட்டில் இறங்கியதும் பிள்ளை ஓடிவந்து அந்தச் சேலையைத்தான் கட்டிப்பிடிக்கும். மருந்து டப்பாவில் சாய்த்து வைத்த கட்டத்துக்குள் நிறம் போட்டிருப்பான்: சிவப்பு கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. என்ன நிறம் அடித்தார்கள், எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் எங்கள் பெண்கள் சொல்லிவிடுவார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை. இந்த வகை மருந்துகளில் சிலது உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை இருக்கிறதாம், கோலினெஸ்டரேஸ் என்று அந்த டாக்டர் எழுதிக் காட்டினார். ஆளுக்கு ஆள் அளவு மாறுமாம். அதனால் சீசனுக்கு முன்னால் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை எடுத்தால்தான் பிரயோஜனம்.

தமிழ்நாட்டு அரசு 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் கொண்டுவந்தது. குறை சொல்ல மாட்டேன், என் மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் மாத்திரை கொண்டுவரும் பெண் வருவது பகலில். அப்போது எங்கள் மக்கள் மலையில் இருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா 2017ல் வெளிமாநிலத் தொழிலாளிகளுக்கு ஆவாஸ் என்று இன்சூரன்ஸ் கொண்டுவந்தது. என் வண்டியில் ஒருத்தரிடமும் அந்த அட்டை இல்லை. நாங்கள் அங்கே ராத்தங்குவதில்லை, காலையில் வந்து சாயந்தரம் போகிறவர்கள். தங்கி வேலை செய்கிற ஜார்க்கண்ட், அசாம்காரர்களிடமாவது வந்து மலேரியா, யானைக்கால், காசநோய் என்று சோதிக்கிறார்கள். அவர்கள் தங்கும் லயத்து வீட்டில் மருந்தடிக்கும் மெஷினைப் படுக்கைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள், அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒட்டிக்கொள்ளும் நோய் என்றால்தான் அதிகாரிகளுக்கு அவசரம் வருகிறது போலிருக்கிறது.

முடியாது என்று சொல்ல வேண்டாம். 2020ல் கொரோனா நேரத்தில் போடிமெட்டு செக்போஸ்டில் ஒரு தலை விடாமல் நெற்றியில் கருவி வைத்தார்கள். பேர், ஊர், எந்தத் தோட்டம், போன் நம்பர் எல்லாம் எழுதினார்கள். அந்த ரிஜிஸ்டரை இப்போது தேடினாலும் எங்கேயாவது கிடக்கும்.

எங்களுக்கு வேண்டியது இதுதான். கணக்கெடுக்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரட்டும், இல்லாவிட்டால் விடியற்காலை ஜீப் நிற்கும் இடத்துக்கு வரட்டும். பெண்களிடம் பெண்களே பேசட்டும், புருஷன் பக்கத்தில் நிற்கக் கூடாது, டிரைவரும் நிற்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்கிற இடத்தில், மருந்துக்கடையில் என்ன வாங்கினீர்கள், சாயந்தரம் பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று கேட்கட்டும். தேனி, இடுக்கி ரெண்டு மாவட்டத்துக் கலெக்டர்களும் ஒரே தாளில் கணக்கை வைத்துக்கொண்டால்தான் ஆகும். கேரளா ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு மலையாளத்தில் இருக்கிறது என்று இங்கே தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

என் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். பெர்மிட்டில் உள்ளதைவிட அதிகம் பேரைத்தான் ஏற்றுகிறேன். நாலு பேரைக் குறைத்தால் டீசலுக்குக் கட்டாது, அந்த நாலு பேருக்கு அன்றைக்கு வேலையும் கிடையாது. மடியில் மடி உட்கார்ந்து மலை ஏறி இறங்குவதால் வரும் இடுப்பு வலியில் எனக்கும் பங்கு உண்டு. தேவாரத்துக்கு நேர் மேலே சாக்குலூத்து மெட்டு வழியாக ரோடு போட்டால் இந்தப் போடிச் சுற்றே வேண்டாம். அதை எத்தனையோ வருடமாகக் கேட்கிறோம், அதற்கு வேறு கடிதம் எழுதுகிறேன்.

என் பேரைப் போட வேண்டாம். ஏற்றும் கணக்கை எழுதிவிட்டேன், ஆர்.டி.ஓ. ஆபீஸில் உங்கள் பத்திரிகை வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜீப் டிரைவர்,
தேவாரம், தேனி மாவட்டம்.